நேராக ஓடிய ஸ்டீம் கோடு

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தவனை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, "புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உங்கள் வெற்றி அனுபவங்களை எழுதிக் கொடுங்கள் சார்" என்றார்கள். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. வேலையில் இருந்த காலமெல்லாம் என் கருத்தைக் கேட்டு ஒருவரும் என் மேசைக்கு வந்ததில்லை. இப்போது மட்டும் என்ன அக்கறை? துருவிக் கேட்டதில், ஆண்டு மலரில் நாலு பக்கம் காலியாகக் கிடக்கிறதாம். அதை ஒளிக்காமல் சொன்னார்களே என்பதற்காகத்தான் எழுதுகிறேன். வெற்றி என்ற சொல்லுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

வீட்டில் என்னைச் சந்தேகப் பேர்வழி என்பார்கள். தராசு முள்ளை உற்றுப் பார்க்காமல் கால் கிலோ கத்தரிக்காய்கூட வாங்கமாட்டேன். சிலிண்டர் கொண்டுவருகிறவரை நிறுத்திவைத்து எடை போடச் சொல்வேன். மனைவிக்கு இது மானம் போகிற விஷயம். ஆனால் ஆலை ஆலையாகப் போய் ஸ்டீமையும் எரிபொருளையும் அளந்து யோசனை சொல்கிற நம் தொழிலில் எனக்குச் சோறு போட்டது இந்தக் குணம்தான். ஒரே ஒரு தடவை அது என் காலை வாரிவிட்டது. காரணம், எல்லாரையும் சந்தேகப்பட்டேன், ஒருவனை மட்டும் விட்டுவிட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இணை மின் உற்பத்தி என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். தொழிற்சாலைக்காரர்கள் கோஜென் என்பார்கள். விஷயம் எளிது. பாய்லரிலிருந்து பெரும் அழுத்தத்தில் வரும் ஸ்டீமை ஒரு வால்வு வைத்து நெரித்து, அழுத்தத்தைக் குறைத்து வேலைக்கு அனுப்புகிறார்கள். அந்த வால்வு இருக்கும் இடத்தில் ஒரு டர்பைனை வைத்தால், போகிற போக்கில் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு அதே ஸ்டீம் தன் வேலைக்குப் போகும். ஒரே நெருப்பில் இரண்டு லாபம். சோற்றையும் தின்று வடித்த கஞ்சியையும் குடிப்பது போல என்று நான் சொல்வேன். முதலாளிகள் சிரிப்பார்கள்.

சிரிக்காத பகுதி ஒன்று உண்டு. ஸ்டீம் விடாமல் போய்க்கொண்டிருந்தால்தான் டர்பைன் ஓடும். எவ்வளவு ஸ்டீம் உண்மையில் தேவையோ அந்த அளவுக்குத்தான் டர்பைன் வாங்க வேண்டும். தேவையைக் கூட்டிச் சொல்லிப் பெரிதாக வாங்கிவிட்டால் கதை முடிந்தது. மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து ஓடவிட்ட இயந்திரங்கள் ஒரு வருஷத்துக்குள் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பதை இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரப்பர் குழாயும் மிதியடியும் செய்கிற ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். ரப்பரை வேகவைக்க அங்கே நான்கு பெரிய இரும்பு உருளைகள் இருந்தன. ஆட்டோகிளேவ் என்று பெயர் எழுதியிருக்கும், ஆனால் அங்கே எல்லாருக்கும் அது குக்கர்தான். சரக்கை உள்ளே தள்ளி, கதவை மூடி, ஸ்டீம் விட்டு, வெந்ததும் திறப்பார்கள்.

முதலாளியிடம் போய் வழக்கமான பேச்சைப் பேசினேன். பொதுவாக முதல் கேள்வி, "டர்பைன் கம்பெனிக்காரன் உங்களுக்கு எவ்வளவு தர்றான்?" என்றுதான் வரும். இந்த மனிதர் ஒன்றுமே கேட்கவில்லை. "நல்லது சார், அளந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார். இவ்வளவு சுலபமாகத் தலையாட்டுகிறாரே, இதில் என்ன உள்குத்து இருக்கிறது என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

பாய்லர் ஹவுஸுக்கு நடக்கும்போது மேனேஜர் உள்குத்தைச் சொன்னார். "ஒரு ஸ்டீம் கான்ட்ராக்டர் வந்து பேசிக்கினு கீறார் சார். அவரே பாய்லர் வெச்சு, அவர் ஆளுங்கள வெச்சு ஓட்டி, டன் கணக்குல ஸ்டீம் விக்கறேன்றார். உங்க மிஷின் சரிப்பட்டு வரலன்னா அதான்."

அப்படியென்றால் பாய்லர் ஹவுஸில் இருக்கிற ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது அந்த ஆறு பேருக்கும் தெரிந்திருந்தது.

மதிய ஷிப்ட் மாறுகிற நேரம். ஆறு பேரையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு மூத்தவர் ஏசுபாதம், இது நான் வைத்த பெயர். நாற்பத்தைந்தைத் தாண்டியவர், ஆரணிப் பக்கத்துக்காரர். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். மாசம் பிறந்தால் சம்பளம் என்பதை அந்தக் குடும்பத்தில் முதலில் பார்த்தவர் இவர்தான். பாய்லர் ஓட்டுவதற்கான சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், உங்க மிஷின் வந்தா எங்க பாய்லர் இருக்குமா?"

"பாய்லர் இல்லாம அது ஓடவே ஓடாது. நீங்க எல்லாரும் வேணும்" என்றேன்.

ஆறு முகங்களும் மலர்ந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தேன். வேறு இரண்டு ஆலைகளில் ஸ்டீம் எப்படிப் போகிறது என்று அளந்து வரைந்த படங்கள். ஒன்றில் கோடு நேராகப் போகும். மற்றொன்றில் ரம்பத்தின் பல் போல ஏறி இறங்கும். இரண்டையும் தூக்கிப் பிடித்து, "இப்படி நேரா இருந்தா மிஷின் வரும். இப்படிப் பல்லு பல்லா இருந்தா வராது" என்று விளக்கினேன். ஏசுபாதம் அந்த நேர்க்கோட்டுத் தாளைக் கையில் வாங்கி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் பிரமாதமாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

பாய்லரிலிருந்து கிளம்புகிற பெரிய குழாயில் மீட்டரை மாட்டினோம். இரண்டு வாரம் அளப்பது என்று ஏற்பாடு. கோடு என் போனிலேயே தெரியும். முதல் நாள் பார்த்தேன், நேராக ஓடியது. சந்தோஷம். இரண்டாம் நாளும் நேர். மூன்றாம் நாள் எனக்குச் சந்தேகம் தட்டியது. நான்கு குக்கர்களைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிற இடத்தில் கோடு எப்படி நேராக இருக்கும்?

ஏசுபாதத்துக்குப் போன் போட்டேன். "ஒண்ணு தொறக்கற நேரத்துல இன்னொண்ண மூடறோம் சார். மாத்தி மாத்தி வுட்டுக்கினு கீறோம்" என்றார். அப்படியும் செய்ய முடியும்தான். கேட்க விரும்பிய பதில் கிடைத்ததால் அப்போதைக்கு ஒப்புக்கொண்டேன்.

ஆனாலும் குடைச்சல் நிற்கவில்லை. மீட்டர் பொய் சொல்கிறதோ என்று நேரில் போய்ச் சோதித்தேன். பாய்லரில் போடுகிற மரத்தூள் கட்டிகளை எண்ணச் சொல்லி ஒப்பிட்டேன். எரிந்ததும் வந்த ஸ்டீமும் சரியாகப் பொருந்தின. மீட்டர் யோக்கியம். அடுத்து முதலாளியைச் சந்தேகப்பட்டேன். கடன் வாங்குவதற்காகப் பொய் ஆர்டர் காட்டி ஆலையை ஓட்டுகிறாரோ? அடுத்தது டர்பைன் கம்பெனியின் விற்பனைக்காரர். எப்போது போனாலும் செண்ட் வாசனையோடு மேனேஜர் அறையில் உட்கார்ந்திருப்பார். நான் அறிக்கை எழுதுவதற்கு முன்பே பெரிய டர்பைனுக்கு வரைபடம் போட்டு வைத்திருந்தார்.

"அளவு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உங்க லைனே சொல்லுதே சார்" என்று சிரித்தார். என் போனில் இருக்க வேண்டிய கோடு அவர் போனிலும் இருந்தது. மேனேஜர் அனுப்பியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தேன்.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று பழுதுபார்க்க இரண்டு குக்கர்களை நிறுத்துவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்க்கிறேன், கோடு நேராக ஓடிக்கொண்டிருக்கிறது. பாதி ஆலை ஓடாத நாளில் முழு ஸ்டீம் எங்கே போகிறது? பக்கத்து கம்பெனிக்காரன் திருட்டுக் குழாய் போட்டு இழுக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். கை கழுவிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மின்சார ரயிலைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டி போய் இறங்கினேன்.

கேட் பக்கம் போகவில்லை. மதில் சுவரை ஒட்டி, குழாய் ஏதாவது வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பின்பக்கம் போனேன். அங்கே கம்பெனியின் கழிவுநீர்க் கால்வாய் ஓரத்தில் ஐந்தாறு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரிலிருந்து லேசாக ஆவி எழுந்தது.

ஓர் அம்மாள் நிமிர்ந்து என்னை முறைத்தார். "இன்னா பாக்கற? கம்பெனிக்காரனா நீ?"

"இல்லம்மா. தண்ணி சுடுதே, எப்பவுமே இப்படித்தான் வருமா?"

"எங்க? இந்தப் பத்து நாளாத்தான் வருது. நல்ல தண்ணி. ஊட்டுக்குக் குடத்துல எடுத்துக்கினு போய்ப் பசங்களக் கூடக் குளிப்பாட்டறோம்." பிறகு சந்தேகமாகக் கேட்டார், "ஏன், வந்து நிறுத்திடப் போறியா?"

பத்து நாள். மீட்டர் மாட்டி அன்றோடு பத்து நாள். அங்கே கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து கம்பெனிக்காரனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

உள்ளே போனேன். பாய்லர் ஹவுஸுக்குப் பின்னால், முன்பு அச்சுகளைக் கழுவுவதற்கு வைத்திருந்த பழைய தொட்டி. ஸ்டீம் குழாயிலிருந்து அதற்கு ஒரு கிளை போகிறது. அந்த வால்வில் ஒரு கையும் காதில் போனுமாக ஆறு பேரில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். போனில் குக்கர் பக்கத்திலிருந்து யாரோ சொல்லச் சொல்ல இவர் வால்வைத் திருப்பினார். அங்கே ஸ்டீம் குறைந்தால் இங்கே தொட்டிக்குத் திறப்பது. அங்கே கூடினால் இங்கே மூடுவது. தொட்டித் தண்ணீர் கொதித்து வழிந்து கால்வாய்க்கு ஓடியது.

ஏசுபாதம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்னங்க இது? எவ்வளவு எரிச்சு எவ்வளவு கொட்றீங்க! யார் செய்யச் சொன்னது?" என்று கத்தினேன். முதலாளி பெயரோ அந்த செண்ட்காரர் பெயரோ வரும் என்று காத்திருந்தேன்.

"நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார் ஏசுபாதம்.

"நானா?"

"கோடு நேரா இருந்தா மிஷின் வரும், பல்லு பல்லா இருந்தா வராதுன்னு தாளைத் தூக்கிக் காட்னீங்களே. நாங்க ஆறு பேரும் பேசிக்கினோம். ஷிப்டுக்கு ஒருத்தன் இந்த வால்வாண்டயே நிக்கறோம் சார். நாஷ்டா துன்னக்கூட நகர முடியல. பேஜாரான வேல. ஆனா பாருங்க, ஒரு பல்லு வுழல."

கடைசி வாக்கியத்தில் இருந்த பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. முதலாளியையும் விற்பனைக்காரரையும் அக்கம்பக்கத்தையும் சந்தேகப்பட்டு அலைந்த எனக்கு, என் வாயைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்து நின்ற ஆறு பேரிடம், எந்தக் கோடு வந்தால் வேலை தங்கும் என்று படம் காட்டி, கையில் வால்வையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வேறு என்ன செய்வார்கள்?

மறுநாள் என் மேலதிகாரியிடம் விஷயத்தை மேலோட்டமாகச் சொன்னேன். அந்த வட்டாரத்தில் எங்களுக்கு முதல் கோஜென் அதுதான். வெள்ளிக்கிழமை கம்பெனியில் கூட்டம். அவர் நிதானமாகக் கேட்டார், "மீட்டர் சரியா இருக்கா?"

"இருக்கு."

"ரீடிங் சரிதானே?"

"சரிதான்."

"அப்புறம் என்ன? மீட்டர் சொன்னதை எழுதுங்க."

பாருங்கள், இதுதான் பொல்லாத இடம். அந்த அறிக்கையில் ஓர் எண்கூடப் பொய்யாக இருந்திருக்காது. எந்தக் கொம்பனும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அன்று முழுவதும் கையெழுத்துப் போட்டுவிடுவது என்றுதான் இருந்தேன், மறைக்கவில்லை. ஆறு குடும்பம் பிழைக்கும், டர்பைன் எப்படியோ போகட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ராத்திரி படுத்தும் தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் மீதிக் கணக்கு புரிந்தது. பெரிய டர்பைன் வரும். ஸ்டீம் போதாமல் நிற்கும். தார்ப்பாய் போடுவார்கள். அப்போது முதலாளி டர்பைன் விற்றவரையா கேட்பார்? "இவ்வளவு ஸ்டீம் வந்ததே, இப்போ ஏன் வரல?" என்று பாய்லர் ஆட்களைத்தான் கேட்பார். கான்ட்ராக்டர் அன்றைக்கும் வருவார். இவர்கள் கெட்ட பெயரோடு வெளியே போவார்கள். அந்தப் பெயரோடு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எந்த பாய்லர் ஹவுஸில் சேர்ப்பார்கள்?

புதன்கிழமை போய் ஏசுபாதத்திடம் இதை அப்படியே சொன்னேன். தொட்டி வால்வை மூடிவிட்டு ஒரு வாரம் உள்ளபடி ஓட்டுங்கள், கூட்டத்தைத் தள்ளிப்போடுகிறேன் என்றேன்.

"மூடினா வேல பூடும் சார்."

"மூடலன்னா பின்னால பேரும் சேர்ந்து போகும்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். "முதலாளியாண்ட எங்களப் பத்திச் சொல்லுவீங்களா?"

"சொல்லமாட்டேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சிலிண்டரை எடை போடுகிற நான் அதற்குக் கோபப்பட முடியுமா? ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அங்கே இருந்த ஒவ்வொருவரும் வாங்கிப் படித்தார்கள். அதன் பிறகுதான் ஏசுபாதம் எழுந்து போய் வால்வை மூடினார்.

கோடு அன்றே பல்லு பல்லாக வந்தது. ஆனால் எவ்வளவு இறங்கினாலும் ஒரு மட்டத்துக்குக் கீழே அது போகவில்லை. அந்த மட்டத்துக்கு ஏற்ற சின்ன டர்பைன் ஒன்று தாங்கும். பெரியதில் பாதிகூட இல்லை. ஆனால் நிற்காமல் ஓடும். அதைத்தான் எழுதினேன்.

கூட்டத்தில் முதலாளி தாளைப் புரட்டிவிட்டு, "முதல் பன்னெண்டு நாள் எங்க சார்?" என்றார்.

"அளந்ததுல என் தப்பு. அந்தப் பன்னெண்டு நாளைத் தள்ளிடுங்க" என்றேன்.

"இத்தன வருஷமா இதானே சார் உங்க வேலை?"

"ஆமா."

செண்ட்காரர் வாய்விட்டுச் சிரித்தார். என் மேலதிகாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அடுத்த மாதத்துக்குள் 'மீட்டர் மாட்டத் தெரியாத சார்' என்ற பட்டம் தொழிற்பேட்டை டீக்கடைகள் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. என் பதவி உயர்வு அதோடு சரி. அன்று நான் முழுவதையும் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் தப்பு என்னுடையது என்று சொன்னேனே, அதில் பொய் இல்லை.

முதலாளி ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டுச் சின்ன டர்பைனுக்குச் சம்மதித்தார். கான்ட்ராக்டரை வேண்டாம் என்றுவிட்டார். என் அறிக்கையால்தானா, அவர்களுக்குள் ஏதாவது தகராறா, தெரியாது. இன்னொரு சந்தேகமும் இன்றுவரை இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நாளில் மரத்தூள் லாரி வழக்கத்தைவிட அடிக்கடி வந்திருக்க வேண்டும். லாரிக்குப் பணம் கொடுக்கிறவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே, புதிதாக வந்திருக்கிறவர்களே, ஒன்று மட்டும் செய்யுங்கள். போகிற இடத்தில் முதலில் மீட்டரை மாட்டுங்கள், அளந்து முடியுங்கள், அப்புறம் வாயைத் திறங்கள். உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிட்டால், அதை உங்களுக்குக் கொடுத்துவிட ஜனங்கள் படாத பாடு படுவார்கள். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பிழைக்க வேண்டியவர்கள்.

டர்பைன் ஓடத் தொடங்கிய நாளில் எனக்கும் அழைப்பு இருந்தது. பூஜை முடிந்து, ஆறு பேரும் நெற்றியில் வியர்வையோடு நின்றிருந்தார்கள். ஆறு பேர் வேலையும் நிலைத்துவிட்டது. இயந்திரம் சீராக இரைந்தது. பக்கத்தில் நின்ற ஏசுபாதத்தின் தோளைத் தொட்டு, "ஸ்டீம் எவ்வளவு போகுது?" என்று கேட்டேன்.

மீட்டர் அவருக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தையே ஒரு நிமிஷம் கவனமாகப் பார்த்தார்.

"எவ்ளோ போவணும் சார்?" என்றார்.